ஒன்பது வாசல் பங்களா வழக்கு

கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே,

போன வாரம் உங்களில் ஒருவர் என் வீடு தேடி வந்தார். நல்ல பிள்ளை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு. "ஐயா, எந்த டிக்சனரி வாங்கினா நல்லது?" என்று கேட்டார்.

"இருக்கிறதிலயே தடிமனானது" என்றேன்.

"அதுல அவ்வளவு சொல் இருக்குமாங்க ஐயா?"

"சொல்லு கிடக்கட்டும். மத்தியானத்துல தலைக்கு வச்சுப் படுக்க அதுதான் வசதி."

அவர் முகம் சுருங்கிவிட்டது. பழத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. போகவில்லை. வளர்ப்பு நல்ல வளர்ப்பு. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் சொன்னது கிழவனின் குறும்பு. அதற்கு ஈடாக ஒரு வழக்கைப் பற்றிச் சொல்கிறேன். எந்த அகராதியும் எனக்குக் கைகொடுக்காத வழக்கு அது. கடைசியில் சட்டமா, வேதாந்தமா, சங்கீதமா, எது நடந்தது என்று எனக்கே விளங்காமல் போன வழக்கு.

பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் அப்போது இரண்டாவது மொழிபெயர்ப்பாளன். தலைமை மொழிபெயர்ப்பாளர் ஒரு யாழ்ப்பாணத்தவர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கமும் இருக்காது. அவர் மேசையில் அகராதி என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. நான் ஒருமுறை சாட்சி சொன்னதைக் கொஞ்சம் அலங்காரம் பண்ணிச் சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீர் நாளைக்கு வரேக்க வாயை மட்டும் கொண்டு வாரும். மூளையை வீட்டில வச்சிட்டு வாரும். மூளைக்கு அரசாங்கம் சம்பளம் தாறேல்லை. விளங்குதோ?"

விளங்கியது. ஆனால் எனக்கு அந்த வயதில் மூளையைப் பற்றிப் பெருமை அதிகம். ஜொகூர் பாருவில் நாங்கள் சில இளைஞர்கள் சேர்ந்து சமய வகுப்பு ஒன்று நடத்திக்கொண்டிருந்தோம். அதில் நான் 'யாக்கை நிலையாமை' என்று ஒரு சொற்பொழிவே செய்திருந்தேன். உடம்பு பொய், உயிர் ஒரு வழிப்போக்கன், இன்ன பிற. முடிந்ததும் கைதட்டினார்கள். பிறகு வடை கொடுத்தார்கள். கைதட்டு வடைக்காகவும் இருக்கலாம்.

கூலாயில் கோர்ட்டு நாள் என்றால் மாஜிஸ்திரேட் ஜொகூர் பாருவிலிருந்து காலை ரயிலில் வருவார். அன்று தலைமை மொழிபெயர்ப்பாளர் மூவாருக்கு ஒரு கொலை வழக்குக்காகப் போய்விட்டார். ஆகவே நான் தனி ஆள். மாஜிஸ்திரேட் ஒரு மலாய்க்காரர். மெலிந்த மனிதர், நிதானமான பேச்சு. மாலை நேரங்களில் கஸல் கோஷ்டியோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்பவர் என்று ஊரில் பேச்சு. கோர்ட்டில் அதற்கான அடையாளம் எதுவும் தெரியாது. அவருக்கு நான் தமிழை மலாயில் சொல்ல வேண்டும். வழக்குப் போட்ட வெள்ளைக்காரருக்கு அதையே இங்கிலீஷிலும் சொல்ல வேண்டும். ஒரு வாய்க்கு இரண்டு வேலை.

நடந்தது இதுதான். கூலாயிலிருந்து உள்ளே போனால் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் ஒரு முதியவர் காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய நெடுநாள் கூட்டாளி செங்கோடன். செங்கோடனும் பால்மரம் வெட்டுகிறவன்தான். ஆனால் லயத்தில், அதாவது தோட்டத்துக் குடியிருப்பு வரிசையில், யார் செத்தாலும் பாடையின் முன்னால் பாடிக்கொண்டு போகிறவன் அவன். சுடுகாட்டுக்குப் போகும் பாதை மானேஜரின் பங்களா வாசலைத் தாண்டித்தான் போகிறது. சாயங்காலம் பறையடித்துக்கொண்டு, ஆடிக்கொண்டு, பாடிக்கொண்டு ஊர்வலம் அந்த வழியாகப் போயிருக்கிறது.

மானேஜரைத் தோட்டத்தில் தொரை என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம். அந்தத் தொரை புதியவர். தமிழ்ச் சொற்கள் பத்துப் பன்னிரண்டு கற்றிருந்தார். துரதிர்ஷ்டம் பாருங்கள், அந்தப் பத்துப் பன்னிரண்டில் 'தொரை' ஒன்று, 'பங்களா' ஒன்று, 'தீ' ஒன்று. பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் காயவைக்கும் புகைக்கொட்டகை ஒன்று அந்த மாதம்தான் எரிந்து போயிருந்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்தவரின் கண்முன்னே ஒரு கூட்டம் ஆடிக்கொண்டு வருகிறது; 'தொரை' என்கிறது; 'பங்களா' என்கிறது; 'தீ வையிங்க' என்கிறது; சிரிக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அவர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியைக் கூப்பிட்டு, "என்ன பாடுகிறார்கள்?" என்று கேட்டார். கிராணி, பாவம், சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் சொல்லிவிட்டார். மறுநாள் போலீஸ் வந்து செங்கோடனைப் பிடித்துக்கொண்டு போனது. தொரையின் பங்களாவைக் கொளுத்துவேன் என்று மிரட்டியதாகக் குற்றம். நிரூபணமானால் சிறை, சிறை முடிந்ததும் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். மனைவியும் மூன்று பிள்ளைகளும் கோர்ட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் வருகிறவர் போகிறவர் எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கோர்ட்டுப் பியூனைக்கூட.

கிராணி கூண்டில் ஏறிப் பாட்டைச் சொன்னார். பாடவில்லை, சொன்னார். கணக்குப் படிப்பது மாதிரி சொன்னார்:

ஒம்பது வாசல் பங்களாவாம்
ஒத்தத் தொரை குடித்தனமாம்
சொல்லாமத் தொரை போயிட்டா
சொந்தக்காரன் யாருமில்ல.

வெறகடுக்கித் தீ வையிங்க
வெறும் பங்களா எதுக்கு வேணும்?
தேடிக்கிட்டுப் போகாதீங்க
தொரைக்கு ஏது மேல்விலாசம்?

நான் மலாயில் சொல்ல வாயெடுத்தேன். முதல் வரியிலேயே தடுக்கியது. தொரைக்கு மலாயில் 'துவான்' என்றால் நேரே எதிரில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரரைத்தான் குறிக்கும். ஆன்மா என்று சொல்லிவிடலாம். ஆனால் பாட்டில் அந்தச் சொல் இல்லையே. இல்லாத சொல்லை நான் போட்டால், அப்புறம் சாட்சி சொல்வது நானா கிராணியா?

'துவான்' என்றே சொன்னேன். மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். "அப்பா எர்த்தி?" என்றார். உங்களில் மலாய் சரியாக வராதவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் தகப்பனாரைக் கூப்பிடவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

தம்பிகளே, என் சொற்பொழிவு முழுவதும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மேற்கோள்கள் வரிசையாக நின்றன. எப்பேர்ப்பட்ட சந்தர்ப்பம்! நான் மட்டும் வாயைத் திறந்திருந்தால் கூலாய் கோர்ட்டில் அன்று ஒரு சமய மாநாடே நடந்திருக்கும். வழக்கை நடத்த வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் எழுந்து, "மொழிபெயர்ப்பாளர் குற்றவாளிக்கு வக்கீலா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். நான் சொன்னது முழுவதும் குப்பைக்குப் போயிருக்கும். செங்கோடன் கப்பலுக்குப் போயிருப்பான்.

சொற்பொழிவை விழுங்கிக்கொண்டு சொன்னேன்: "துவான், எனக்குச் சொல் தெரியும். பாடினவன் எதை நினைத்துப் பாடினான் என்பது எனக்குத் தெரியாது. கோர்ட்டு அனுமதித்தால் அவனிடமே கேட்கலாம்."

"அதற்கு முன்னால் வாசல்" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் தயாராக வந்திருந்தார். பங்களாவின் வாசல்களை எண்ணியிருக்கிறார். ஏழு. தொரை எழுந்து, "எட்டு" என்றார். சமையற்கட்டின் பின்கதவை விட்டுவிட்டீர்கள் என்றார். தன் எசமானுக்கு உதவி செய்யும் ஆர்வத்தில் கிராணி, நாய் போய்வருவதற்குப் பலகையில் ஒரு திறப்பு உண்டு, அதையும் சேர்த்தால் ஒன்பது என்றார். இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. நாயின் வாசல் வாசலாகுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அதை நான் இங்கிலீஷில் கேட்டேன். தொரை யோசித்துவிட்டு, நாய் அப்படித்தான் நினைக்கிறது என்றார். அதை மலாயில் சொன்னேன். எல்லாவற்றையும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னேன். நம் உத்தியோகத்தில் கடினமான பகுதி இதுதான்.

பிறகு செங்கோடன். குட்டையான மனிதன், கைகள் மட்டும் நீளம். மரம் மரமாகச் சீவிய கத்தியின் தழும்புகள் அந்தக் கைகளில். "ஒன்பது வாசல் எது?" என்று மாஜிஸ்திரேட் கேட்கச் சொன்னார்.

செங்கோடன் விரலால் தன் முகத்தில் தொட்டுக் காட்டினான். கண் ரெண்டு. காது ரெண்டு. மூக்குல ரெண்டு. வாய் ஒண்ணு. அப்புறம் நிறுத்திவிட்டுப் பணிவாகக் கேட்டான்: "மிச்சம் ரெண்டயும் கோர்ட்டுல காட்டணுமா சாமி?"

சொல்லுங்கள், உங்கள் தடிமனான அகராதியில் இதற்கு எத்தனையாவது பக்கம்? நான் மலாயில், "மீதி இரண்டை இடத்தின் கண்ணியம் கருதிக் காட்டாமல் விடலாமா என்று கேட்கிறான்" என்றேன். மாஜிஸ்திரேட் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். விட்டுவிடலாம் என்றார்.

"அப்படியானால் பங்களா என்பது உடம்பு."

"ஆமாங்க."

"தொரை?"

"உள்ள இருந்து அதிகாரம் பண்ணுவார்ல, அவருதாங்க. எந்திரிங்கறாரு, எந்திரிக்கிறோம். படுங்கறாரு, படுக்கிறோம்."

வெள்ளைக்காரத் தொரை இங்கிலீஷில் குறுக்கிட்டார்: அதற்கு என் பெயரை ஏன் இழுக்க வேண்டும்? நான் தமிழில் கேட்டேன்.

"எங்க ஊருல ராசான்னுதாங்க பாடுவாங்க" என்றான் செங்கோடன். "இங்க வந்து ராசான்னு பாடுனா, சுல்தானச் சொல்றான்னு புடிச்சுக்கிட்டுப் போயிருவீங்களேன்னுதான் தொரைன்னு மாத்துனேன். இப்பப் பாத்தா இதுக்கும் புடிச்சுட்டீங்க."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை. மாஜிஸ்திரேட் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, சற்று மெதுவான குரலில், "அந்தத் தொரை உடம்பை விட்டுவிட்டு எங்கே போகிறாராம்? இவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இது வழக்குக்குத் தேவையான கேள்வி இல்லை. மொழிபெயர்ப்பாளனுக்கு அதைப் பற்றி என்ன? கேட்டேன்.

செங்கோடன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "தெரிஞ்சா நான் எதுக்குங்கய்யா பாடறேன்?"

அதை மலாயில் சொன்னேன். நான் என் சொற்பொழிவில் அந்தக் கேள்விக்கு நான்கு விதமான பதில் சொல்லியிருந்தேன்.

"பாடிக் காட்டச் சொல்" என்றார் மாஜிஸ்திரேட்.

செங்கோடன் தயங்கினான். "பொணம் இல்லாம எப்படிங்க பாடறது?" என்றான். பியூன் பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தான். பாட வேண்டும், இது கோர்ட்டு உத்தரவு என்று நான் சொன்ன பிறகு, அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். இழுத்து, நிறுத்தி, மெல்லப் பாடினான். 'சொல்லாமத் தொரை போயிட்டா' என்ற இடத்தில் குரல் ஒரு படி இறங்கி, அங்கேயே நின்று, பிறகு எழ முடியாமல் எழுந்தது. கிராணி கணக்குப்போலப் படித்த அதே சொற்கள். இறந்துபோன கூட்டாளியின் பெயர் பாட்டில் எங்கும் இல்லை. ஆனால் அந்த ஆள் அங்கே வந்துவிட்டுப் போனது போலிருந்தது. தொரை குனிந்து தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது கிராணி எழுந்தார். அவரைத் திட்டாதீர்கள், அவர் பொய் சொல்லவில்லை. "துவான், அன்னைக்கு இவன் இப்படிப் பாடலை. இது ஒப்பாரி. அன்னைக்குப் பாடினது ஆட்டம். கூட இருந்தவங்க எல்லாம் சத்தம் போட்டாங்க."

"உண்மையா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"உண்மைதாங்க" என்றான் செங்கோடன். "வீட்டு வாசல்ல மெதுவாப் பாடுவோம். பாதையில வேகமாப் பாடுவோம்."

"அப்படியே பாடு."

"பறை வேணுங்களே."

கோர்ட்டில் பறைக்கு எங்கே போவது? மாஜிஸ்திரேட் கூண்டின் கட்டையைக் கை காட்டினார். செங்கோடன் உள்ளங்கையால் அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். இங்கே 'செங்கல்' என்று சொல்லும் கெட்டியான காட்டு மரம், சத்தம் எழும்பியது. அப்புறம் ஆரம்பித்தான் பாருங்கள். அதே பங்களா, அதே தொரை, அதே விறகு. ஆனால் சொற்கள் எல்லாம் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்து வந்தன. வாசலில் நின்ற கான்ஸ்டபிளின் கால் பூட்சுக்குள்ளேயே ஆட ஆரம்பித்தது. 'தொரைக்கு ஏது மேல்விலாசம்' என்று அவன் முடித்ததும் வெளியே மரத்தடியில் நின்றிருந்த தோட்டத்து ஆட்கள் பழக்க தோஷத்தில் ஒரே குரலில் "ஏது? ஏது?" என்று கத்தினார்கள். கத்திவிட்டு, எங்கே நிற்கிறோம் என்று ஞாபகம் வந்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாஜிஸ்திரேட்டின் இரண்டு விரல்கள் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அவரே அதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டுக் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

பிறகு அவர் கேட்டதுதான் கேள்வி. பாட்டு கேட்டுப் பழகிய மனிதர் அல்லவா?

"இதில் சிரிப்பு இருக்கிறது. முதலில் பாடியதில் இல்லை. அன்று யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று கேள்."

கேட்டேன். செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டான். கூண்டுக் கட்டையைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் 'சாவைப் பார்த்து' என்று சொல்லிவிட வேண்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அவன் தலை நிமிர்ந்தான்.

"ரெண்டையுந்தாங்க."

"எந்த ரெண்டு?"

"சாவையும் பாத்துச் சிரிச்சோம். அந்தப் பங்களாவையும் பாத்துச் சிரிச்சோம். பொய் சொல்லலீங்க. பேர் கூப்பிடற பெரட்டுக் களத்துல தெனம் காலையில நின்னு தொரையக் கும்பிடறோம். அன்னைக்கு ஒருநாள் தூக்கிக்கிட்டுப் போனது எங்க ஆள. அவரு பொணத்தோட போறப்ப எங்கள யாரும் நிறுத்த முடியாதுல்ல. அதான் சிரிச்சோம். தீ வைக்கணும்னு நெனைக்கலீங்க."

தம்பிகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

அந்த அறையில் தமிழும் மலாயும் இங்கிலீஷும் சேர்ந்து தெரிந்தவன் நான் ஒருவன்தான். கிராணிக்கு மலாய் அரைகுறை. 'சாவைப் பார்த்துச் சிரித்தோம்' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் எவனும் கேட்கப்போவதில்லை. பங்களாவை விட்டுவிடலாம். பிள்ளைகளோடு அந்தப் பெண் கும்பிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள். புண்ணியம்கூட உண்டு. முழுவதையும் சொன்னால்? தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான் என்பார் இன்ஸ்பெக்டர். வாயை மட்டும் கொண்டு வரச் சொன்ன யாழ்ப்பாணத்தவரை அந்த நிமிஷத்தில் நான் எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்ல முடியாது.

ஆனால் செங்கோடனின் முகத்தைப் பார்த்தேன். அவன் பயந்து உளறியவன் அல்ல. யோசித்து, எடைபோட்டு, இரண்டையும் சேர்த்துச் சொன்னவன். பாதியை வெட்டி எறிய நான் யார்? அப்புறம் இன்னொன்று. அவன் பாட்டிலும் அந்த இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. சாவை எடுத்துவிட்டால் அது வெறும் கிண்டல். கிண்டலை எடுத்துவிட்டால் அது என் சொற்பொழிவு.

முழுவதையும் சொன்னேன். மலாயில் ஒருமுறை, தொரைக்கு இங்கிலீஷில் ஒருமுறை. கும்பிடுவதைச் சொன்னேன், பங்களாவைச் சொன்னேன், 'யாரும் நிறுத்த முடியாது' என்பதையும் சொன்னேன். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன் என்று பிற்பாடு பியூன் சொன்னான். இருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். அதற்கு முன் தொரை எழுந்துவிட்டார். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. நான் என் கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

"நான் ஒன்று சொல்ல வேண்டும்" என்றார். "தீ என்ற சொல்லைக் கேட்டுப் பயந்தேன் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தேன். பயந்ததும் உண்மைதான். ஆனால் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் செய்தது தீ அல்ல. அந்தச் சிரிப்பு. இவன் அதை ஒப்புக்கொள்ளாமல் போயிருந்தால் நான் இந்த வழக்கை விட்டிருக்க மாட்டேன். சிரித்ததற்காக ஒருவனைச் சிறையில் போடச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது."

உட்கார்ந்துவிட்டார். நல்லவராகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வருஷமும் அவர் பெரட்டில் எல்லாரையும் நிற்க வைத்துத்தான் பேர் கூப்பிட்டார். அன்று ஒருநாள் உண்மைக்கு உண்மை கொடுத்தார், அவ்வளவுதான்.

மாஜிஸ்திரேட் வழக்கைத் தள்ளினார். தள்ளிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பாட்டுக் கேட்பவர்; இருக்க முடியவில்லை. இனிமேல் பங்களாவின் எதிரில் பாடும்போது மட்டும் மெதுவான மெட்டில் பாட வேண்டும். தாண்டிய பிறகு இஷ்டம்போல் பாடலாம் என்று புத்தி சொன்னார். மெட்டைப் பற்றி ஒரு கோர்ட்டு உத்தரவை மொழிபெயர்த்த ஆள் இந்த மாநிலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

செங்கோடன் கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்டபடியே, "சாமி, அது முடியாதுங்க" என்றான்.

விட்டுவிட்டார்கள், ஓடு என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

"பங்களா இருக்கறது மேட்டுல. மெதுவாப் பாடுனா தூக்கறவனுக்குக் கால் எழும்பாது. தோளு விட்டுப் போயிரும். மேட்டுல வேகந்தான் தூக்கிக்கிட்டுப் போகும். பள்ளத்துல வேணா மெதுவாப் பாடறோம்."

மாஜிஸ்திரேட் இந்தமுறை கைக்குட்டையைத் தேடவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். மேட்டில் அவர்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். அது கோழித் திருட்டு.

மூவாரிலிருந்து திரும்பிய தலைமை மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் பியூனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். என்னைக் கூப்பிட்டார். பாராட்டப்போகிறார் என்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.

"நாய் வாசலை இங்கிலீஷில எப்படிச் சொன்னனீர்?" என்றார். சொன்னேன். "பரவாயில்லை" என்றார். அவ்வளவுதான். பிறகு நான் வெளியே போகும்போது முதுகுக்குப் பின்னால், "பங்களாவையும் சேர்த்துத்தானே சொன்னனீர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சாயங்காலம் அவரே எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அந்த மனிதர் தேநீர் வாங்கிக் கொடுத்து நான் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் உங்களுக்கு ஒரு நீதி கிடைத்துவிடும்: சொன்னதை முழுவதும் சொல்லு. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் பழம் கொண்டுவந்த தம்பிக்காக இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

சில வருஷங்கள் கழித்து என் அண்ணன் இறந்துபோனார். என்னை இந்த நாட்டுக்கு அழைத்து வந்து, தன் மளிகைக் கடையில் அரிசி நிறுத்து விற்று, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர். கடைக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போதே மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. கூலாயில்தான் கடை. செய்தி எப்படியோ தோட்டத்துக்குப் போயிருக்கிறது. மத்தியானம் செங்கோடன் இரண்டு பறைக்காரர்களோடு வாசலில் வந்து நின்றான். நான் ஆள் அனுப்பவில்லை.

எங்கள் உறவுக்காரர் ஒருவர் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "தேவாரம் பாட ஓதுவார் வந்திருக்கார். இந்தத் தோட்டத்துக் கூத்தெல்லாம் நமக்கு எதுக்கு? நாலு பேர் என்ன நெனைப்பாங்க?" என்றார். ஓதுவார் நன்றாகத்தான் பாடினார். சொல் ஒவ்வொன்றும் எனக்கு அர்த்தத்தோடு தெரியும். ஆனால் நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

செங்கோடன் என் அருகில் வந்தான். "அய்யா, நாங்க பாடலாங்களா? வேணாம்னா போயிடறோம்."

மூன்று மொழியில் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒரு மொழியிலும் பதில் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

வாசலில் அவன் மெதுவாகத்தான் ஆரம்பித்தான். நான் பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்திருந்தேன். அண்ணன் கனத்த உடம்புக்காரர். சந்தை தாண்டியதும் பாதை ஏறும். அங்கே என் கால் நின்றுவிட்டது. வேண்டுமென்று நிற்கவில்லை, தூக்கினால் எழவில்லை. எனக்குப் பின்னால் இருந்தவர் முட்டிக்கொண்டார். செங்கோடன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். பறைக்காரர்களைப் பார்த்து ஒரு கையசைப்பு.

தாளம் மாறியது. நான் ஒன்றும் செய்யவில்லை, தம்பிகளே. என் கால் தானாக எழுந்தது. அடுத்த கால் எழுந்தது. தோளில் இருந்த கனம் அப்படியேதான் இருந்தது, ஆனால் அதை நடக்க வைத்துக்கொண்டிருந்தது வேறு ஏதோ. வேட்டியும் வெற்றுத் தோளுமாகப் புழுதியில் போய்க்கொண்டிருந்தேன். பாட்டு முடியும் இடத்தில் யாரோ தொண்டை கிழிய "ஏது? ஏது?" என்று கத்தினார்கள். கண்ணியமான சாவு வீட்டில் இப்படிக் கத்துகிறவன் யார் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உறவுக்காரர் அதற்கப்புறம் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. நான் மேடு ஏறி முடித்தேன்.